உருக்குக்கு வரி: யாருக்குக் காவல், யார் தலையில் பாரம்?

(தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



சென்ற வகுப்பு முடியும் தறுவாயில் இரண்டு கேள்விகள் எழுந்தன. பட்டறைத் தோழர் ஒருவர் கேட்டார்: "வெளிநாட்டு உருக்குக்கு வரி போட வேண்டும் என்று உருக்காலை முதலாளிகள் சொல்கிறார்கள். போடக்கூடாது என்று எங்கள் பட்டறை முதலாளி சொல்கிறார். நாம் எந்தப் பக்கம்?" உடனே பின்வரிசையிலிருந்து ஒரு விவசாயத் தொழிலாளித் தோழர், "உருக்குக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? எங்களுக்கு நெல் விலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். நேரமாகிவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இன்று இரண்டுக்கும் சேர்த்தே பேசுவோம்.

முதலில் பின்வரிசைத் தோழரின் கேள்வி. அவர் கையிலுள்ள மண்வெட்டியும் அரிவாளும் உருக்கு. உழுகிற டிராக்டர், கதிர் அறுக்கிற இயந்திரம், கிணற்று மோட்டார், குழாய், வீட்டுக் கூரைத் தகடு, பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற பீரோ, எல்லாம் உருக்கு. மண்வெட்டியில் உருக்கின் விலை சில ரூபாய்தான் ஏறும். ஆனால் டிராக்டர் வாடகை ஏறினால் நிலச்சொந்தக்காரர் எங்கே பிடித்தம் செய்வார்? உங்கள் கூலியில்தான். ஆகவே சம்பந்தம் இருக்கிறது.

இப்போது வரி என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு பாரம் வெளிநாட்டு உருக்கு 100 ரூபாய்க்குத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்நாட்டு ஆலையும் 100 ரூபாய்க்குத்தான் விற்க முடியும். கூடுதலாகக் கேட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். சர்க்கார் 30 ரூபாய் தீர்வை போடுகிறது. வெளிநாட்டுச் சரக்கு 130 ஆகிவிடுகிறது. அந்த 30 ரூபாய் கஜானாவுக்குப் போகிறது. ஆனால் உள்நாட்டு ஆலை என்ன செய்யும்? 100க்கே விற்கும் என்று நினைக்கிறீர்களா? 125க்கு விற்கும். அப்போதும் அதுவே மலிவு. இந்த 25 ரூபாய் கஜானாவுக்குப் போவதில்லை. நேரே ஆலை முதலாளியின் பெட்டிக்குப் போகிறது. வாங்குகிறவன் கொடுக்கிறான், சர்க்கார் சட்டம் போட்டு வாங்கித் தருகிறது.

இதனால் வரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 100 ரூபாய்க்கு விற்றால் நஷ்டம், உலையை அணைக்க வேண்டியதுதான் என்ற நிலையில் ஓர் ஆலை இருந்தால், இந்த 25 ரூபாய் அந்த உலையை எரிய வைக்கும். உலை எரிந்தால் ஊர் பிழைக்கும். இதை மறுப்பது மூடத்தனம். உருக்காலை மூடிய ஊர் எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓஹியோ மாகாணத்து யங்ஸ்டவுன் சாட்சி. 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே ஒரு பெரிய உருக்காலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 தொழிலாளிகளின் வேலை போயிற்று. அந்த ஊர் ஜனங்கள் அந்த நாளை இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்றே சொல்கிறார்கள்.

கேள்வி இதுதான், தோழர்களே: அந்த 25 ரூபாயை வாங்கிக்கொண்ட முதலாளி அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? இதற்குப் பதில் அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே கால் நூற்றாண்டுக்குள் மூன்று தடவை இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

பெத்லஹேம் ஸ்டீல் என்று ஒரு கம்பெனி. பென்சில்வேனியா மாகாணத்தில் பிறந்தது. இரண்டாவது உலக மகா யுத்தத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான கப்பல்களைக் கட்டிக் கொடுத்தது. ஸான் பிரான்ஸிஸ்கோவின் பிரசித்தி பெற்ற தங்க வாயில் பாலத்துக்கு உருக்குக் கொடுத்ததும் அதுதான். அங்கே முப்பது வருஷம், நாற்பது வருஷம் உலை முன்னால் வெந்தவர்களுக்கு, ஓய்வு பெற்றால் பென்ஷனும் சாகும்வரை வைத்தியச் செலவும் கம்பெனி தரும் என்று ஒப்பந்தம். அது தர்மமாகக் கிடைத்ததல்ல. போராடிப் பெற்றது. 1959-ல் அமெரிக்க உருக்குத் தொழிலாளிகள் ஐந்து லட்சம் பேர் 116 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு காலம் மாறியது. ஜப்பான், கொரியா, ஐரோப்பா, ரஷ்யா என்று பல இடங்களிலிருந்தும் மலிவான உருக்கு வந்தது. உள்நாட்டிலேயே பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கும் சின்ன ஆலைகள் முளைத்து, பெரிய ஆலைகளைவிட மலிவாக விற்றன. இதை முதலாளிகள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். எல்லாப் பழியும் அந்நியச் சரக்கின் மேல்தான். 1980 வாக்கில் ஒரு டன் உருக்குச் செய்ய ஏறக்குறைய பத்து மணி நேர உழைப்பு வேண்டியிருந்தது. இப்போது இரண்டு மணி நேரம்கூட வேண்டாம். மிச்சமான எட்டு மணி நேரமும் எங்கே போயிற்று? எந்தச் சுங்கச் சாவடியிலும் அதைப் பிடிக்க முடியாது.

1990-களின் கடைசியிலும் அதை அடுத்த வருஷங்களிலும் முப்பதுக்கும் அதிகமான அமெரிக்க உருக்குக் கம்பெனிகள் திவாலாயின. எல்.டி.வி. என்ற கம்பெனி 2000 டிசம்பரில் திவால் மனுப் போட்டது. 2001 அக்டோபரில் பெத்லஹேமும் போட்டது. தொழிற்சங்கம் தெருவில் இறங்கி இரண்டு கோரிக்கைகள் வைத்தது. ஒன்று, இறக்குமதிக்கு வரி போடு. இரண்டு, திவாலான கம்பெனிகளின் ஓய்வு பெற்ற தொழிலாளிகளுக்குக் கொடுக்க வேண்டிய வைத்தியச் செலவை சர்க்கார் ஏற்க வேண்டும்.

2002 மார்ச்சில் ஜனாதிபதி புஷ் முதல் கோரிக்கையை ஏற்றார். 8 முதல் 30 சதவீதம் வரை வரி, மூன்று வருஷத்துக்கு. இரண்டாவது கோரிக்கைக்குக் கதவைச் சாத்திவிட்டார். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். ஆலைக்குக் காவல் கிடைத்தது. ஆலையில் உழைத்தவனுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து வந்தது வேடிக்கை. வில்பர் ராஸ் என்று ஒரு பணமூட்டைக்காரர். உருக்கு உருக்குவது அவர் தொழிலல்ல. நொடித்த கம்பெனிகளை மலிவாக வாங்கி விற்பது அவர் தொழில். வரி அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்னதாக, 2002-ன் ஆரம்பத்தில், மூடிக்கிடந்த எல்.டி.வி. ஆலைகளை வளைத்தார். 2003-ல் பெத்லஹேமைச் சுமார் 150 கோடி டாலருக்கு வாங்கினார். எதை வாங்கினார்? உலைகளை வாங்கினார், உருளைகளை வாங்கினார், நிலத்தை வாங்கினார். பென்ஷன் பொறுப்பை வாங்கவில்லை. அது 2002 டிசம்பரிலேயே சர்க்காரின் பென்ஷன் உத்தரவாத நிறுவனத்தின் தலையில் விழுந்திருந்தது. அந்த நிறுவனம் தருவதற்கு ஒரு வரம்பு உண்டு. வரம்புக்கு மேல் வர வேண்டியிருந்தவர்களுக்கு வெட்டு. வைத்திய இன்ஷூரன்ஸ்? 2003 மார்ச் மாதத்தோடு நிறுத்தப்பட்டது. ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் குடும்பத்தாருமாகச் சுமார் 95,000 பேர். சர்க்கார் ஆஸ்பத்திரி மூலைக்கு மூலை இல்லாத நாடு அது. உலைப் புகையை நுரையீரலில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனவன் அங்கே இன்ஷூரன்ஸ் இல்லாமல் டாக்டர் வாசலை மிதிக்க முடியாது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மூடிக்கிடந்த உலைகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். தொழிற்சங்கமே ராஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது; பல வேலைப் பிரிவுகளை ஒன்றாக்கவும், குறைந்த ஆட்களை வைத்து நடத்தவும் சம்மதித்தது. வேறு வழி இருந்ததா என்று அந்தத் தோழர்களிடம் இங்கே உட்கார்ந்துகொண்டு கேட்பது சுலபம். வேலையில் இருக்கிறவனைக் காப்பாற்ற, வேலையிலிருந்து போனவனை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே வர்க்கத்துக்குள், பல வீடுகளில் அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில், இந்தப் பேரம் நடந்தது.

இந்தச் சமயத்தில் உருக்கை வாங்கிச் சாமான் செய்கிற பட்டறைகளில் என்ன நடந்தது? சில மாதங்களுக்குள் உருக்குத் தகட்டின் விலை பாதிக்கு மேல் ஏறியது. மோட்டார் உதிரி பாகம், இரும்பு மேஜை, வாளி, கம்பி செய்கிறவர்கள் கூக்குரலிட்டார்கள். விலையேற்றத்தால் 2002-ல் இரண்டு லட்சம் பேர் வேலை இழந்தார்கள் என்று ஓர் அறிக்கை வந்தது. இந்தக் கணக்கை எடுக்கச் சொன்னவர்கள் உருக்கை வாங்கும் முதலாளிகள். ஆகவே நாம் அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. இரண்டு லட்சமா, இருபதாயிரமா என்று வாதாடலாம். ஆனால் ஒரு விஷயம் வாதத்துக்கு அப்பாற்பட்டது: உருக்கு உற்பத்தி செய்கிறவர்களைவிட உருக்கை வைத்து வேலை செய்கிறவர்கள் பல மடங்கு அதிகம். ஆனால் ஒருவன் ஐயாயிரம் பேரோடு ஒரே வாசலில் நிற்கிறான். அவன் குரல் தலைநகரில் கேட்கிறது. இன்னொருவன் இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் நிற்கிறான். அவன் வேலை போனால் பத்திரிகையில் நாலு வரிகூட வராது.

2003 நவம்பரில், இந்த வரி விதிகளுக்கு விரோதம் என்று உலக வர்த்தக ஸ்தாபனம் தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பிய நாடுகள், 220 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கச் சரக்குகளுக்குப் பதில் வரி போடுவோம் என்று மிரட்டின. பட்டியலில் ஆரஞ்சுப் பழம் இருந்தது. உருக்குக்கும் ஆரஞ்சுக்கும் என்ன உறவு? ஆரஞ்சு விளையும் புளோரிடாவில் தேர்தல் வருகிறது. அதுதான் உறவு! டிசம்பர் 4-ம் தேதி புஷ் வரியை நீக்கிவிட்டார். மூன்று வருஷ வரி இருபத்தொரு மாதத்திலேயே செத்தது.

வில்பர் ராஸ் என்ன ஆனார்? அடுத்த வருஷமே, 2004-ல், தம் உருக்குக் கம்பெனியை லட்சுமி மித்தலுக்கு 450 கோடி டாலருக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். அதே ராஸ் 2017-ல் அமெரிக்காவின் வாணிப மந்திரியானார். உருக்கு இறக்குமதி தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2018-ல் அறிக்கை கொடுத்தவரும் அவரே. பெத்லஹேமில் இன்ஷூரன்ஸை இழந்த கிழவர்கள் அந்தச் செய்தியைப் படித்திருப்பார்கள்.

அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு ஜனாதிபதி டிரம்ப் 2018 மார்ச்சில் உருக்குக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் வரி விதித்தார். இல்லினாய்ஸ் மாகாணம் கிரானைட் சிட்டியில் 2015 முதல் அணைந்து கிடந்த உலை எரிந்தது. நூற்றுக்கணக்கானோர் திரும்ப வேலைக்குப் போனார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது தீபாவளி. சந்தேகமில்லை. அந்த உலையின் சொந்தக்காரரான யு.எஸ். ஸ்டீல் கம்பெனிக்கு அந்த வருஷ லாபம் 110 கோடி டாலர். 30 கோடி டாலருக்குத் தன் பங்குகளைத் தானே திருப்பி வாங்கப் போவதாக அறிவித்தது. பங்கு விலை ஏறினால் பங்குதாரர்களுக்குக் கொண்டாட்டம்.

தொழிலாளிக்கு? மூன்று வருஷமாக அவன் சம்பளம் ஏறாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. லாபம் வந்ததும் கம்பெனி தானாகக் கொடுத்ததா? இல்லை. 2018 செப்டம்பரில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்துக்கு ஓட்டளித்தார்கள். அடுத்த மாதமே நான்கு வருஷத்தில் 14 சதவீதம் உயர்வு என்று ஒப்பந்தம் ஆயிற்று. வரி, முதலாளிக்கு சட்டத்தின் மூலம் வந்தது. தொழிலாளிக்கு அதில் ஒரு பங்கு வேலைநிறுத்த ஓட்டின் மூலம் வந்தது.

அது நிலைத்ததா? 2019 டிசம்பரில் அதே கம்பெனி மிச்சிகனில் ஓர் ஆலையின் பெரும்பகுதியை நிறுத்தப் போவதாகவும், சுமார் 1,500 பேர் வேலை இழக்கலாம் என்றும் நோட்டீஸ் கொடுத்தது. வரி அப்போதும் அமுலில்தான் இருந்தது. கிரானைட் சிட்டியில் 2023-ல் மறுபடி உலை அணைந்தது.

மிஸ்ஸௌரி மாகாணத்தில் ஓர் ஆணித் தொழிற்சாலை. 500 பேருக்கு வேலை. மெக்ஸிகோவிலிருந்து உருக்குக் கம்பி வாங்கி ஆணி அடிக்கிறார்கள். கம்பிக்கு 25 சதவீதம் வரி விழுந்தது. ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆணியாகவே வந்தால்? அதற்கு இந்த வரி இல்லை! ஆர்டர் சரிந்தது. 2018 ஜூனில் 60 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இது எப்படிப்பட்ட பாதுகாப்பு? நெல்லுக்குக் காவல் போட்டுவிட்டு அரிசியைத் திறந்து விட்ட கதை. ஓட்டையை அடைக்க வேண்டுமானால் ஆணிக்கும் வரி போட வேண்டும், ஆணி அடித்த பெட்டிக்கும் போட வேண்டும். பிறகு அப்படித்தான் செய்தார்கள். 2025-ல் உருக்கு கலந்த நூற்றுக்கணக்கான சாமான்களைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

பழிவாங்கும் வரி வயலில்தான் விழுகிறது. விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைக் கேட்க வேண்டும். 2018-ல் அமெரிக்காவின் உருக்கு வரிக்குப் பதிலாகச் சீனா பன்றி இறைச்சிக்கும் பழங்களுக்கும் வரி போட்டது. 2019 ஜூனில் நமது இந்திய சர்க்காரும் பாதாம், ஆப்பிள், வால்நட், கொண்டைக்கடலை, பயறு என்று 28 அமெரிக்கச் சரக்குகளுக்கு வரி போட்டது. உருக்காலையை எட்டிக்கூடப் பார்த்திராத கலிபோர்னியா பாதாம் தோப்புக் கூலிக்காரன் உருக்குச் சண்டையில் அடிபட்டான். எல்லாக் கூட்டல் கழித்தலும் போட்டுப் பார்த்த அமெரிக்க மத்திய பாங்கியின் பொருளாதார நிபுணர்கள் இருவர் 2019-ல் எழுதினார்கள்: 2018-ல் போட்ட வரிகளால் ஆலைத் தொழிலில் கிடைத்த வேலை கொஞ்சம், மூலப்பொருள் விலையேற்றத்தாலும் பதில் வரிகளாலும் போன வேலை அதைவிட அதிகம். அவர்கள் நம் கட்சிக்காரர்கள் அல்ல.

2025 மார்ச்சில் டிரம்ப் மீண்டும் எல்லா நாடுகளுக்கும் 25 சதவீதம் என்றார். ஜூன் 4 முதல் அதை 50 சதவீதமாக்கினார். அதே மாதம் யு.எஸ். ஸ்டீல் கம்பெனி என்ன ஆயிற்று தெரியுமா? சுமார் 1,490 கோடி டாலருக்கு ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. எந்த அந்நியனிடமிருந்து காக்க வேண்டும் என்று பல வருஷமாக ஜனங்கள் கூடுதல் விலை கொடுத்தார்களோ, அந்த அந்நியனிடமே ஆலையை விற்றார்கள். முதலாளிக்குத் தேசம் என்பது சுங்கச் சாவடிவரைதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். உருக்குக் காப்பு வரி நமக்குப் புதிதல்ல. 1924-லேயே வெள்ளைக்கார சர்க்கார் டாட்டா கம்பெனிக்காகச் சட்டம் போட்டது. அன்று அந்த ஒரு பெரிய ஆலை நொடித்திருந்தால் இந்திய உருக்குத் தொழிலே எழுந்திருக்காது. ஆகவே அதை நாம் தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் 1927-ல் திருத்தியபோது பிரிட்டிஷ் உருக்குக்குக் குறைந்த வரி, மற்ற நாட்டு உருக்குக்குக் கூடிய வரி என்று சாமர்த்தியம் செய்தார்கள். ஜாம்ஷெட்பூர் தொழிலாளியோ 1928-ல் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. வரியின் நிழல் அவன் வீட்டுக் கூரைவரை எட்டவில்லை.

2024-25-ல் நாம் சுமார் 95 லட்சம் டன் உருக்கு இறக்குமதி செய்தோம்; ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகம். உலக உருக்கில் பாதிக்கு மேல் சீனா உற்பத்தி செய்கிறது. அங்கே கட்டட வேலை மந்தமானால் மிச்சம் உலகெங்கும் வழிகிறது. இதையும் மறைக்க வேண்டியதில்லை. (உபரி உற்பத்தியைக் குறைக்க அங்கேயும் 2016-ல் உருக்காலைகளில் மட்டும் ஐந்து லட்சம் பேரை வேலையிலிருந்து மாற்ற வேண்டும் என்று சர்க்காரே அறிவித்தது. அந்தத் தொழிலாளி நமக்கு எதிரியல்ல.) பெரிய கம்பெனிகள் மனுப் போட்டன. 2025 ஏப்ரல் 21-ல் மத்திய சர்க்கார் சில தகட்டு வகைகளுக்கு 200 நாட்களுக்கு 12 சதவீதம் தற்காலிகக் காப்பு வரி விதித்தது.

யாருக்காக இந்த மனு? பொதுத்துறை ஸெயில் இருக்கிறது. அதன் உலைகள் ஜனங்களின் சொத்து. ஜே.எஸ்.டபிள்யூ., ஜிண்டால் இருக்கிறார்கள். கூடவே குஜராத் ஹஜீராவில் ஆலை நடத்தும் ஆர்ஸெலர் மித்தல் - நிப்பான் ஸ்டீல் இருக்கிறது. பெயரைக் கேட்டீர்களா? பெத்லஹேமை ராஸிடமிருந்து வாங்கிய அந்த மித்தல், யு.எஸ். ஸ்டீலை வாங்கிய அந்த நிப்பான். அங்கே அமெரிக்க வரியின் நிழலில் வியாபாரம் செய்த பணம், இங்கே 'இந்தியத் தொழிலைக் காப்பாற்று' என்று கேட்கிறது.

எதிர்ப்பக்கம் யார்? தகடு வாங்கிச் சாமான் செய்யும் சிறு தொழிற்கூடங்கள். கரூரில் பஸ் கூண்டு கட்டுகிறவர்கள், ஊருக்கு ஊர் பீரோ, கதவு, ஷட்டர் செய்கிறவர்கள். அவர்கள் குறை நியாயமானது. ஆனால் தோழர்களே, தகடு விலை ஏறியது என்று அழும் பட்டறை முதலாளி, தகடு விலை இறங்கியபோது உங்களுக்கு ஒரு ரூபாய் கூலி ஏற்றினாரா?

ஆகவே பட்டறைத் தோழரின் கேள்விக்கு நம் பதில்: வரி வேண்டுமா வேண்டாமா என்று முதலாளிகள் இருவர் கேட்கிற கேள்விக்குள் நாம் சிக்கக்கூடாது. எதற்காக, எத்தனை காலத்துக்கு, என்ன நிபந்தனையின்மேல் என்று நாம் கேட்க வேண்டும். வரியின் பாதுகாப்பைப் பெறும் கம்பெனி அந்தக் காலத்தில் ஓர் ஆளைக்கூட குறைக்கக் கூடாது. காண்ட்ராக்ட் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். பென்ஷனுக்கும் கிராஜுவிடிக்கும் பணத்தைத் தனியாகக் கட்டி வைக்க வேண்டும். ஆலை கைமாறினால் அந்தப் பொறுப்பும் சேர்ந்தே கைமாற வேண்டும். ஸெயில் ஆலைகள் சிறு பட்டறைகளுக்கும் விவசாயக் கருவி செய்கிறவர்களுக்கும் கட்டுப்பாட்டு விலையில் தகடு கொடுக்க வேண்டும். வரி விசாரணை நடக்கும்போது இரு தரப்புத் தொழிற்சங்கங்களையும் அழைத்துக் கேட்க வேண்டும். இவை ஒன்றுமில்லாமல் வரும் வரியை நாம் ஆதரிக்க முடியாது. இவை ஒன்றுமில்லாமல் வரியை எடுப்பதையும் ஆதரிக்க முடியாது. எடுத்த அன்றைக்கு முதலில் வெளியே தள்ளப்படுகிறவன் சேலத்திலோ பிலாயிலோ நிற்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிதான்.

உருக்காலைத் தோழனும் பட்டறைத் தோழனும் இதில் எளிதாக ஒன்று சேர்ந்துவிடுவார்கள் என்று நாம் பாசாங்கு செய்யவில்லை. அமெரிக்காவில் சேரவில்லை. ஆணித் தொழிற்சாலைத் தொழிலாளி அழுதபோது உருக்குத் தொழிற்சங்கம் வரியை வரவேற்றுக்கொண்டிருந்தது. இங்கேயும் அப்படி நடக்கலாம். அதனால்தான் இரு பக்கத்துத் தோழர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்திருக்கிறோம்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது பட்டறைத் தோழர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பட்டறையில் தகடு வாங்கிய விலை 2025 ஏப்ரலுக்கு முன்பு என்ன, பின்பு என்ன என்று விசாரித்துக் குறித்து வாருங்கள். உங்கள் சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்கள், உங்கள் ஊரில் டிராக்டர் வாடகை ஒரு மணிக்கு என்ன, அறுப்பு இயந்திர வாடகை என்ன, நாள் கூலி என்ன என்று எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் மனதில் வைத்துக்கொண்டு வந்தாலும் போதும். இங்கே நாம் எழுதிக்கொள்வோம். பின்வரிசைத் தோழர் கேட்ட நெல் விலையை அந்தக் கணக்கிலிருந்தே ஆரம்பிப்போம்.